டீச்சரிடம் கேளுங்கள்: இருந்ததா, இருந்தாரா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பைபிளைப் பற்றியவை. சரி, ஒரு பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுவோம். நான் இறையியல் படித்தவள் இல்லை. பினாங்கில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். லூத்தரன் வீட்டில் பிறந்து கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டதால் என் மேசையில் பழைய வேதாகமமும் திருவிவிலியமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இலக்கணக்காரியின் கண்ணுக்குப் பட்டதை எழுதுகிறேன். மீதியை உங்கள் பாஸ்டரிடமோ ஃபாதரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் மெதடிஸ்ட். மருமகள் கத்தோலிக்கப் பெண். ராத்திரி ஜெபத்தில் பேரன் என் பைபிளிலிருந்து 1 யோவான் 5:7 வாசித்தான். ‘பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்.’ அதையே அவன் அம்மாவின் பைபிளில் பார்த்தால் பிதாவையும் காணோம், வார்த்தையையும் காணோம். திரித்துவத்தையே வெட்டிவிட்டார்களே என்று கேட்டேன். அன்று முதல் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. யார் வெட்டியது, டீச்சர்?
- ஒரு மாமியார், செந்தூல், கோலாலம்பூர்

அம்மா, முதலில் மருமகளிடம் பேசிவிடுங்கள். வெட்டியது அவர் பக்கத்து ஆட்கள் என்று நினைக்கிறீர்கள். நடந்த கதை அதற்குத் தலைகீழ்.

அந்த வாக்கியம் பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் கிடையாது. லத்தீன் பைபிளில்தான் அது வளர்ந்தது. 1516-இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை பாசல் நகரில் அச்சுக்குக் கொண்டுவந்தபோது அதைச் சேர்க்கவில்லை, 1519 பதிப்பிலும் சேர்க்கவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்துக்கு விரோதி என்று அவரைப் பிடித்து உலுக்கினார்கள். அதற்குள் அந்த வாக்கியம் உள்ள கிரேக்கப் பிரதி ஒன்று எங்கிருந்தோ முளைத்தது. மை காய்ந்து அதிக நாள் ஆகாத பிரதி, இன்றைக்கும் டப்ளினில் இருக்கிறது. 1522 பதிப்பில் எராஸ்மஸ் வாக்கியத்தைச் சேர்த்துவிட்டார். அங்கிருந்து 1611-இன் ஆங்கில பைபிளுக்கு வந்தது, அப்புறம் 1871-இல் முடிந்த நம் தமிழ் வேதாகமத்துக்கும் வந்தது. உங்கள் கையில் இருப்பது அதுதான். லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. கத்தோலிக்கர்களோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1897-இல்கூட, அந்த வசனத்தைச் சந்தேகிப்பது சரியல்ல என்று ரோமிலிருந்து உத்தரவு வந்தது. பிறகுதான் பிடி தளர்ந்தது. உங்கள் மருமகளின் திருவிவிலியம் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். பழைய பிரதிகளில் இல்லாததை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் திரித்துவம் விழுந்துவிடுமா என்றால், விழாது. நிசேயாவில் 325-இலும் கொன்ஸ்தாந்தினோப்பிளில் 381-இலும் ஆயர்கள் கூடி விசுவாசப் பிரமாணத்தை எழுதியபோது, மகன் தந்தைக்குச் சமமா இல்லையா என்று கிரேக்க மொழியில் அவ்வளவு அடித்துக்கொண்டார்கள். இந்த வசனம் கையில் இருந்திருந்தால் யாராவது ஒருவர் எடுத்து வீசியிருக்க மாட்டாரா? யாரும் வீசவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவரையும் சேர்த்துச் சொல்லும் மத்தேயு 28:19 உங்கள் இருவரின் பைபிளிலும் இருக்கிறது. 2 கொரிந்தியரின் கடைசி வசனமும் இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பேரன் உங்கள் பைபிளைப் படித்து வளர்ந்தால் திரித்துவம் அவனுக்கு ஒரே வரியில், மனப்பாடச் சூத்திரமாகக் கிடைத்துவிடும். அம்மாவின் பைபிளில் படித்தால் யோவான் 14 தொடங்கி 17 வரை உட்கார்ந்து வாசித்துத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். எது நல்லது என்று என்னைக் கேட்டால், இரண்டாவது.

இன்னொன்றையும் பேரனிடம் காட்டுங்கள். உங்கள் பைபிளில் அடுத்த வசனம்: ‘பூலோகத்திலே சாட்சியிடுகிறவைகள் மூன்று, ஆவி, ஜலம், இரத்தம் என்பவைகளே.’ ஏழாம் வசனத்தில் ஆவி ‘மூவர்’ என்ற கணக்கில் ஒருவர். எட்டாம் வசனத்தில் ‘மூன்று’ என்ற கணக்கில் ஒன்று. அதே ஆவி! என் வகுப்பில் யாராவது இப்படி எழுதியிருந்தால் திணை வழு என்று சிவப்பு மையில் சுழித்திருப்பேன். கிரேக்கத்தில் ஆவி, தண்ணீர், இரத்தம் மூன்று சொல்லும் இலக்கணப்படி அஃறிணை மாதிரிதான். ஆனாலும் ‘சாட்சியிடுகிறவர்கள்’ என்று ஆண்பாலில்தான் அங்கே எழுதியிருக்கிறது. ஏன் என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர் பேசிக்கொண்டிருக்க முடியாது. மூவரா மூன்றா என்று ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். அடுத்த கடிதமும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்று யோவான் 1:1-இல் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் நண்பர் யெகோவாவின் சாட்சிகள் கூட்டத்துக்குப் போகிறவர். ‘உங்கள் தமிழ் பைபிளே “இருந்தது” என்றுதான் சொல்கிறது, “இருந்தார்” என்று சொல்லவில்லை. அப்புறம் எப்படி அது சமமான கடவுள்?’ என்று மதியச் சாப்பாட்டில் மடக்கிவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை, டீச்சர்.
- 28 வயது வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

தம்பி, நண்பர் கெட்டிக்காரர்தான். யோவான் ‘வார்த்தை’ என்று சொல்வது இயேசுவை; அவர் தந்தைக்குச் சமமான கடவுள் அல்ல என்பது நண்பரின் சபையார் நம்பிக்கை. ஆனால் அவர் பிடித்தது யோவானின் வாயை அல்ல, தமிழ் வினைமுற்றின் வாலை.

கிரேக்கத்தில் ‘இருந்தான், இருந்தாள், இருந்தார், இருந்தது’ நான்குக்கும் ஒரே வினைதான். மலாயில் ‘டியா’ என்று ஒரே சொல்லில் ஆணையும் பெண்ணையும் முடித்துவிடுகிறோமே, அந்த மாதிரி. யோவான் திணையைச் சொல்லாமலே அந்த வரியை எழுதிவிட்டுப் போக முடிந்தது. தமிழ் விடாது. வினை முடியும் இடத்தில் ஆளா பொருளா, ஆளென்றால் மரியாதைக்கு உரியவரா என்று சொன்னால்தான் வாக்கியமே முடியும். நம் ஆட்கள் ‘வார்த்தை’ என்ற சொல்லுக்கு இயல்பான ‘இருந்தது’ என்பதைப் போட்டார்கள். அடுத்த வசனத்தைப் படியுங்கள்: ‘அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்.’ ஒரு முற்றுப்புள்ளியைத் தாண்டியதும் அது அவராகிவிட்டது! கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கும் சுட்டுச்சொல்லை ‘இவர்’ என்றும் எடுக்கலாம், ‘இந்த வார்த்தை’ என்றும் எடுக்கலாம். மொழிபெயர்ப்பாளர் முதல் வசனத்தில் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டார், இரண்டாம் வசனத்தில் விசுவாசத்துக்கு. பொது மொழிபெயர்ப்பிலும் முதல் வசனம் ‘வாக்கு இருந்தது’ என்றே போகிறது; இரண்டாம் வசனத்தில் ‘வாக்கு என்னும் அவரே’ என்று ஒரு பாலம் போட்டுக் கடக்கிறார்கள். பாலம் தெரிகிறது என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

உங்கள் நண்பரின் ஆங்கில பைபிளில் அந்த வார்த்தை ‘ஒரு கடவுள்’ என்று இருக்கும். மூலத்தில் அந்த இடத்தில் ‘கடவுள்’ என்ற சொல்லுக்கு முன் குறிப்பிட்டுச் சுட்டும் அடைச்சொல் (ஆங்கிலத்தின் ‘தி’ மாதிரி) இல்லை என்பது அவர்கள் வாதம். வினைக்கு முன்னால் வரும் பயனிலைக்குக் கிரேக்கத்தில் அது பெரும்பாலும் வராது என்பது எதிர்வாதம். தமிழில் அந்த அடைச்சொல்லே கிடையாது. ஆகவே ‘தேவனாயிருந்தது’ என்பதை வைத்து இந்தச் சண்டையை அவரும் ஜெயிக்க முடியாது, நீங்களும் ஜெயிக்க முடியாது. சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.

திணைப் பிரச்சினை இதைவிடப் பெரிதாக உட்கார்ந்திருக்கும் இடம் ஆதியாகமம் 1:2. பழைய பைபிளில் ‘தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தார்.’ பொது மொழிபெயர்ப்பில் கடவுளின் ஆவி நீர்த்திரளின்மேல் ‘அசைந்தாடிக்கொண்டிருந்தது.’ பழையதைப் படிக்கிற பிள்ளைக்கு பைபிளின் இரண்டாம் வசனத்திலேயே திரித்துவத்தின் மூன்றாம் ஆள் வந்து நிற்கிறார். புதியதைப் படிக்கிற பிள்ளைக்கு அங்கே கடவுளின் மூச்சோ காற்றோ அசைகிறது; ஆள் பிற்பாடுதான் தெரியவருகிறார். எபிரெயச் சொல்லுக்குக் காற்று, மூச்சு, ஆவி மூன்றும் பொருள்தான். அது பெரும்பாலும் பெண்பால் வேறு. கிரேக்கத்தில் அது ஆணுமில்லை பெண்ணுமில்லை, லத்தீனில் ஆண். சிரியாக் மொழி பேசிய பழைய கிறிஸ்தவர்கள் ஆவியைப் பெண்பாலிலேயே வழங்கினார்கள். தமிழில் ‘ஆவியானவள்’ என்று யாராவது அச்சடித்தால் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

தமிழில் ‘ஆவி’ என்ற சொல்லுக்கே ஒரு சங்கடம் உண்டு. இட்லிப் பானையிலிருந்து எழுவதும் ஆவி, ராத்திரியில் பயமுறுத்துவதும் ஆவி. ‘ஆவி வந்தது’ என்றுதான் சொல்லுவோம். அதனால்தான் ‘ஆனவர்’ என்று ஒட்டுப்போட்டு உயர்திணைக்கு ஏற்றினார்கள். பழைய கத்தோலிக்கர்கள் இந்தத் தொல்லையே வேண்டாமென்று போர்த்துக்கீசியச் சொல்லை அப்படியே ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு எங்களோடு வந்த என் மாமியார், மெழுகுவத்தி கையில் உருகி வழிய, ‘பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து’ என்றுதான் சிலுவை போடுவார். அந்தப் பெயருக்கு அவரிடம் அர்த்தம் கேட்டால் ‘இஸ்பிரீத்து சாந்துன்னா இஸ்பிரீத்து சாந்துதான்’ என்பார். இட்லி ஆவியும் பேயும் அவர் மனதில் குறுக்கே வந்ததே இல்லை.

ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கும் ஒரு வரி. 1611 ஆங்கில பைபிளில் ரோமர் 8:26-இல் ஆவியை அஃறிணையாகவே, ‘தானே’ என்று எழுதியிருக்கிறார்கள். நம் தமிழில் அதே இடம் ‘ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்.’ ஆவியானவர் என்ற ஆள் நம்மோடு பேசுகிறார், துக்கப்படுகிறார் என்று தமிழ்ச் சபைகளில் இவ்வளவு நெருக்கமாகப் பேசுவதற்கு இந்த ‘ஆர்’ விகுதிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். பிரசங்கியார் வாயைத் திறக்கும் முன்பே விகுதி பாதி பிரசங்கத்தை முடித்துவைத்துவிடுகிறது.

நண்பரோடு மறுபடி பேசுவதானால் நீதிமொழிகள் 8:22-ஐ எடுத்துக்கொண்டு போங்கள். ஞானம் பேசுகிறது. பழைய தமிழில் கர்த்தர் ‘என்னைத் தமது வழியின் ஆதியாகக் கொண்டிருந்தார்’. பொது மொழிபெயர்ப்பில் ‘என்னைப் படைத்தார்.’ அந்த ஞானம் இயேசுவே என்று எடுத்துக்கொண்டு, நான்காம் நூற்றாண்டில் ஆரியஸ் பக்கத்தார் ‘மகன் படைக்கப்பட்டவர்’ என்று சொல்லத் தூக்கிப் பிடித்த வசனம் இது. அவர்கள் கையில் இருந்த கிரேக்கத்தில் ‘படைத்தார்’ என்றே இருந்தது. பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் ‘உடைமையாகக் கொண்டார்’ என்று எழுதினார். எபிரெயச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். நிசேயா பிரமாணத்தை ஞாயிறுதோறும் சொல்கிறவர்களே தங்கள் தமிழ் பைபிளில் ‘படைத்தார்’ என்று தைரியமாக அச்சிட்டிருக்கிறார்கள். இதை நண்பரிடம் நீங்களே முதலில் எடுத்துச் சொன்னால் அதற்கப்புறம் அவர் மடக்க வரமாட்டார், பேச வருவார்.

நான் இந்து. கிறிஸ்தவ நண்பர்கள் வீட்டுக் கல்யாணம், துக்கம் எல்லாவற்றுக்கும் போகிறவன். ஒரு சர்ச்சில் தேவன், ஒரு சர்ச்சில் கடவுள். கர்த்தர், ஆண்டவர் என்று வேறு. ஒரே கடவுள் என்கிறீர்கள், பெயர் மட்டும் ஏன் இத்தனை?
- ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பட்டர்வொர்த்

ஐயா, இன்னும் சிலவற்றை விட்டுவிட்டீர்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான சிறிய தமிழ் நூலில் அவர் ‘தம்பிரான்.’ பின்வந்த கத்தோலிக்கர்களுக்கு ‘சர்வேசுரன்.’ 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் பாதிரியார் சீகன்பால்கும் தம் புதிய ஏற்பாட்டில் அதையே எடுத்தாண்டார். அதே நூற்றாண்டில் பெப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். 1871 வேதாகமம் ‘தேவன்’ என்றது. 20-ஆம் நூற்றாண்டில் ‘கடவுள்’ வந்தார்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆட்சேபணை இருந்தது. சர்வேசுரனுக்குள் ஈசுவரன் இருக்கிறார். பராபரன் சைவர்கள் வாயில் பழகியவர். தேவன் என்றால் தேவர்கள் உண்டு, தேவி உண்டு. உங்கள் வீட்டில் புழங்கிய சொற்களைத்தான் எங்கள் ஆட்கள் எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் திருத்தி எழுதியபோது பக்கத்தில் இருந்து உதவியவர் யார் தெரியுமா? ஆறுமுக நாவலர். சைவத்துக்காகப் பாதிரிமாரோடு பின்னாளில் மல்லுக்கு நின்ற அதே நாவலர்தான்.

பெயர் மாறினால் மனதில் இருக்கும் உருவமும் மாறுமா? மாறும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தரங்கம்பாடி வழி வந்த எங்கள் லூத்தரன் பெரியவர்கள் ‘பராபரன்’ உள்ள பைபிளை லேசில் விடவில்லை. என் தாத்தா ‘பராபரனே’ என்று தொடங்கினால் எட்டாத உயரத்தில் இருக்கிற ஒருவரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அத்தை ‘கர்த்தாவே’ என்று தொடங்கினால் பக்கத்து அறையில் இருக்கிற எசமானரைக் கூப்பிடுகிற மாதிரி.

கர்த்தரும் ஆண்டவரும் தனி விவகாரம். எபிரெயத்தில் கடவுளுக்கு நான்கு மெய்யெழுத்துகளில் ஒரு பெயர் உண்டு. பயபக்தியால் யூதர்கள் அதை உச்சரிக்காமல் ‘என் ஆண்டவர்’ என்று வாசித்தார்கள். கிரேக்கத்திலும் ‘ஆண்டவர்’ ஆயிற்று, தமிழில் ‘கர்த்தர்’. இதன் விளைவைப் பாருங்கள். யோவேல் 2:32-இல் கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிறவன் இரட்சிக்கப்படுவான் என்று இருக்கிறது. அங்கே அந்த நான்கெழுத்துப் பெயர். பவுல் ரோமர் 10:13-இல் அதையே எடுத்துச் சொல்கிறார். நான்கு வசனம் முன்னால்தான் ‘கர்த்தராகிய இயேசு’ என்று எழுதியிருக்கிறார். சொல் ஒன்றாக இருப்பதால் வாசகர் சத்தமே இல்லாமல் யெகோவாவிடமிருந்து இயேசுவிடம் வந்துவிடுகிறார். பிரிக்பீல்ட்ஸ் தம்பியின் நண்பர் வைத்திருக்கும் பைபிளில் ரோமர் 10:13-இல் ‘யெகோவா’ என்று போட்டிருப்பார்கள். புதிய ஏற்பாட்டில் அப்படி 237 இடங்கள். அந்த வழியில் போனால் இயேசுவிடம் போய்ச் சேர முடியாது. இயேசு யார் என்ற கேள்விக்கு விடை அங்கே அச்சுக்கோக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

மலாய் பைபிளில் கடவுளுக்கு ‘அல்லா’ என்று இருக்கிறது. அது நம் கடவுள்தானா?
- படிவம் 5 மாணவி, ஜார்ஜ்டவுன்

மகளே, ரூயில் என்ற டச்சு வணிகர் மத்தேயு நற்செய்தியை மலாயில் பெயர்த்து 1629-இல் அச்சிட்டபோதே அந்தச் சொல் அதில் இருந்தது. அரபு பேசும் கிறிஸ்தவர்களும் அதையே சொல்கிறார்கள். சபா, சரவாக் கிறிஸ்தவர்கள் அதைச் சொல்லித்தான் ஜெபித்து வளர்ந்தார்கள். அவர்கள் அப்படி அழைப்பது இயேசுவின் தந்தையைத்தான். ‘அல்லா’ என்று அச்சிடும் உரிமைக்காகக் கத்தோலிக்க வார ஏடு தொடுத்த வழக்கு 2009-இல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்ததும், 2013-இல் மேல்முறையீட்டில் தோற்றதும், 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்ததும் நாளிதழ் படிக்கிற உன் அப்பாவுக்குத் தெரியும். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதற்கு இல்லை.

எங்கள் இளைஞர் கூட்டத்தில் எல்லோரும் ‘இயேசப்பா, நீங்க’ என்று ஜெபிக்கிறோம். பாட்டி ‘நீர்’ என்று சொல்லாவிட்டால் ஆமென் சொல்லமாட்டேன் என்கிறார். எது சரி?
- கல்லூரி மாணவி, சுங்கை ஆரா, பினாங்கு

இரண்டும் மூலத்தில் இல்லை. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் இருப்பது ‘நீ’தான். சிவன் கோயிலில் ஓதுவார் பாடுவதும் பெரும்பாலும் ‘நீ’தான். ‘நீர்’, ‘தேவரீர்’ என்ற மரியாதை மொழிபெயர்த்தவர்கள் கொடுத்தது. நம் வீட்டுப் பேச்சில் ‘நீர்’ செத்துப்போய்விட்டதால் இன்றைக்கு அது கடவுளுக்கு மட்டும் ஒதுக்கி வைத்த சொல் ஆகிவிட்டது. பாட்டிக்கு அதன் அருமை அதில்தான் இருக்கிறது: வேறு யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. உங்களுக்கு அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட வேண்டும், ஆகவே ‘நீங்க’. இரண்டு பேருக்கும் ஞாயம் இருக்கிறது. கூட்டத்தில் உங்கள் இஷ்டப்படி ஜெபியுங்கள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு ஜெபம் செய்யும்போது மட்டும் ‘நீர்’ என்றே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் ஆமென் சொல்வதற்குள் குழம்பு ஆறிவிடும்.